விபிஎன் வழியே மல்டிகாஸ்ட்: முதல் பாக்கெட் வந்துவிட்டு அடுத்தது வராமல் போவது ஏன்?

கேள்வியின் சாரம் இது. கணினிக்குள் அமைத்த ஆய்வகத்தில் மூன்று பிஇ ரவுட்டர்களும் (வாடிக்கையாளர்கள் வந்து இணையும், சேவை வழங்குநரின் விளிம்பு ரவுட்டர்கள்) இரண்டு பி ரவுட்டர்களும் (அவரது உட்பகுதி, அதாவது கோர் ரவுட்டர்கள்) கொண்ட எம்பிஎல்எஸ் லேயர் 3 விபிஎன் (பாக்கெட்டுகளை லேபிள் ஒட்டி அனுப்பும் தனியார் நெட்வொர்க்) ஒன்று இயங்குகிறது. ரெட் என்ற விஆர்எஃப்பில் (பிஇக்குள் ஒரு வாடிக்கையாளருக்கெனப் பிரித்த தனி ரூட்டிங் அட்டவணை) மூன்று சிஇ ரவுட்டர்கள் (வாடிக்கையாளரின் விளிம்பு ரவுட்டர்கள்) இணைந்துள்ளன. அனுப்புநர் 172.16.1.10 சிஇ1க்குப் பின்னால் இருக்கிறார், 239.10.10.10 என்ற குழுவில் சேர்ந்த பெறுநர் சிஇ3க்குப் பின்னால் இருக்கிறார்; வாடிக்கையாளர் பக்கத்து ஆர்பி (அனுப்புநரின் தரவும் பெறுநரின் கோரிக்கையும் முதலில் சந்திக்கும் ரவுட்டர்) சிஇ2. கோர் நெட்வொர்க்கில் டிஃபால்ட் எம்டிடி (பிஇக்களைக் கோர் வழியே இணைக்கும் மல்டிகாஸ்ட் மரம்) குழுவாக 232.1.1.1 தரப்பட்டுள்ளது. பிஇ2தான் மற்ற இரண்டு பிஇக்களுக்கும் ரூட் ரிஃப்ளெக்டர், அதாவது பிஜிபி என்ற ரூட்டிங் நெறிமுறையில் ஒன்றின் ரூட்டுகளை மற்றொன்றுக்கு எடுத்துச் சொல்லும் ரவுட்டர். யூனிகாஸ்ட் (ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும்) பிங் எல்லாத் திசையிலும் போகிறது. மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே போகும்) பிங் மட்டும் முதல் ஒன்றிரண்டு பதில்களோடு நின்றுவிடுகிறது. கூடவே ஒரு குறிப்பு: பிஇ2இல் டன்னல் வழியே இரண்டு பிம் (மல்டிகாஸ்ட் மரத்தைக் கட்டும் நெறிமுறை) அண்டை ரவுட்டர்கள் தெரிகின்றன, பிஇ1இலும் பிஇ3இலும் ஒன்றுதான் தெரிகிறது. "எல்லா உள்ளமைவையும் மூன்று முறை பார்த்துவிட்டேன், எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகிற போக்கில் எழுதிய அந்தக் குறிப்பில்தான் விடை இருக்கிறது. ஆனால் விடையை மட்டும் சொன்னால் அடுத்த ஆய்வகத்தில் வேறொரு கோளாறு வரும்போது மீண்டும் இதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் அந்த விடைக்கு எப்படி வந்து சேர்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, இங்கே ஒன்றல்ல, இரண்டு மல்டிகாஸ்ட் நெட்வொர்க்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுகின்றன என்பது. வாடிக்கையாளருடைய பிம் ஒன்று. சிஇக்களும், பிஇக்களின் விஆர்எஃப் பகுதியும் அதில் அடங்கும். சேவை வழங்குநருடைய பிம் மற்றொன்று. பி ரவுட்டர்களும், பிஇக்களின் குளோபல் பகுதியும் அதில் அடங்கும். பிஇ ரவுட்டர் இரண்டிலும் கால் வைத்து நிற்கிறது. வாடிக்கையாளரின் மல்டிகாஸ்ட் பாக்கெட் பிஇ1ஐ அடைந்ததும், அதன் மேல் ஜிஆர்இ (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் முறை) ஹெடர் போர்த்தப்பட்டு, 10.0.0.1 என்ற பிஇ1இன் லூப்பேக்கை (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) அனுப்புநராகவும் 232.1.1.1ஐப் பெறுநராகவும் கொண்ட புதிய மல்டிகாஸ்ட் பாக்கெட்டாகக் கோருக்குள் போகிறது. இதில் எம்பிஎல்எஸ் லேபிள் எதுவும் இல்லை. யூனிகாஸ்ட் விபிஎன் லேபிளில் ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் மல்டிகாஸ்ட்டும் அதே லேபிளில் ஏறிப் போகும் என்று எண்ணிவிடுகிறார்கள். அதனால் பி ரவுட்டர்களில் பிம் இயக்க வேண்டும் என்பதே நினைவுக்கு வருவதில்லை. நீங்கள் பயன்படுத்தும் இந்த முறை ஆர்எஃப்சி 6037இல் பதிவாகியுள்ள பழைய ரோசன் முறை; சிஸ்கோ வரிசைப்படுத்தலில் இது ப்ரொஃபைல் 0. எம்எல்டிபி வழியாக லேபிளிலேயே மல்டிகாஸ்ட்டை அனுப்பும் முறைகளும் உண்டு, ஆனால் அவை வேறு ப்ரொஃபைல்கள்.

இரண்டாவது, மல்டிகாஸ்ட் மரம் பெறுநரிடமிருந்து அனுப்புநரை நோக்கிக் கட்டப்படுகிறது. தரவு அதற்கு எதிர்த்திசையில் இறங்கி வருகிறது. ஆகவே கோளாறு தேடும்போது பெறுநரின் பக்கத்து ரவுட்டரில் தொடங்கி, ஜாயின் (மரத்தில் சேரும்) செய்தி எந்த ரவுட்டர் வரை போயிருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று மேல்நோக்கிப் போக வேண்டும். அந்த மரத்துக்கான பதிவு இல்லாத முதல் ரவுட்டரைக் கண்டுபிடித்துவிட்டால், பிழை அதிலோ அதற்கு முந்தைய ரவுட்டரிலோ இருக்கும். பலர் அனுப்புநர் பக்கத்தில் தொடங்கி, "இங்கே சரியாகத்தானே இருக்கிறது" என்று ஒவ்வொரு ரவுட்டராகக் கடந்து வந்து நேரத்தை இழக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். முதல் பாக்கெட் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கவனமாகப் பின்தொடர்ந்தால் மற்றவை தாமாகவே விளங்கும். சிஇ1 தன் அனுப்புநரின் முதல் பாக்கெட்டைப் பார்த்ததும், அதை ரெஜிஸ்டர் செய்திக்குள் வைத்து ஆர்பியான சிஇ2க்கு யூனிகாஸ்ட்டாக அனுப்புகிறது. யூனிகாஸ்ட் விபிஎன் நன்றாக இயங்குவதால் அது போய்ச் சேர்கிறது. சிஇ2 அதை அவிழ்த்து, பொதுமரத்தின் (ஆர்பியை வேராகக் கொண்ட மரம்) வழியே பிஇ2க்கு அனுப்புகிறது. பிஇ2 அதைத் தன் எம்டிடியில் போட, பிஇ3 பெற்று சிஇ3க்குத் தருகிறது. பிங்குக்குப் பதில் வருகிறது. இதுவரை பிஇ1இன் எம்டிடி எந்த வேலையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த நொடியில் நிலைமை மாறுகிறது. சிஇ2 அனுப்புநரை நோக்கி (எஸ், ஜி) ஜாயின், அதாவது இந்த அனுப்புநரின் இந்தக் குழுவுக்கான ஜாயின், அனுப்புகிறது. அது பிஇ2 வழியே பிஇ1க்கும், அங்கிருந்து சிஇ1க்கும் போகிறது. தரவு இனி ரெஜிஸ்டருக்குள் இல்லாமல் நேரடியாக பிஇ1இன் எம்டிடியில் இறங்கத் தொடங்குகிறது. அது வந்து சேர்ந்ததும் சிஇ2 ரெஜிஸ்டர்-ஸ்டாப் அனுப்பிவிடுகிறது. பிஇ1 அனுப்பும் எம்டிடி பாக்கெட்டுகள் பிஇ2க்கு வருகின்றன. ஆனால் பிஇ2 அவற்றை டன்னல் வழியாகப் பெற்று, அதே டன்னல் வழியாக மீண்டும் பிஇ3க்கு அனுப்ப முடியாது. உள்வரும் இன்டர்ஃபேஸ் வெளிச்செல்லும் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது இங்கே மல்டிகாஸ்ட்டின் வழக்கமான விதி. ஆகவே பிஇ3 அந்தத் தரவை பிஇ1இன் எம்டிடியிலிருந்து நேரடியாகப் பெற்றாக வேண்டும். பிஇ3க்கு பிஇ1ஐத் தெரியாது. எனவே முதல் ஒன்றிரண்டு பாக்கெட்டுகளுக்குப் பிறகு அமைதி.

பிஇ3க்கு ஏன் பிஇ1ஐத் தெரியவில்லை? 232.0.0.0/8 என்பது எஸ்எஸ்எம் (அனுப்புநரைக் குறிப்பிட்டே சேரும் மல்டிகாஸ்ட்) வரம்பு. எஸ்எஸ்எம்மில் ஆர்பி கிடையாது. ஒரு மரத்தில் சேர வேண்டுமென்றால் அனுப்புநரின் முகவரி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மற்ற பிஇக்களின் லூப்பேக் முகவரிகளை ஒவ்வொரு பிஇக்கும் எடுத்துச் சொல்வது பிஜிபியின் எம்டிடி முகவரிக் குடும்பம். அதன் துணைக் குடும்ப எண் 66. பிஇ2 ரூட் ரிஃப்ளெக்டராக இருப்பதால் பிஇ1இன் எம்டிடி ரூட்டும் பிஇ3இன் எம்டிடி ரூட்டும் அதனிடம் வந்து சேர்கின்றன. அதனால் பிஇ2க்கு இரண்டு அண்டை ரவுட்டர்கள். ஆனால் ஐபிஜிபியில் (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் பிஜிபி) கற்ற ரூட்டை இன்னொரு ஐபிஜிபி அண்டைக்குச் சொல்ல வேண்டுமானால், அந்த முகவரிக் குடும்பத்துக்குள்ளேயே "ரூட்-ரிஃப்ளெக்டர்-கிளையன்ட்" என்ற வரி இருக்க வேண்டும். விபிஎன்னின் யூனிகாஸ்ட் ரூட்டுகளுக்கான விபிஎன்வி4 குடும்பத்தில் அந்த வரியைப் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் யூனிகாஸ்ட்டில் குறையே இல்லை. எம்டிடி குடும்பத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஒரு குடும்பத்தில் கொடுத்த வரி மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. உள்ளமைவை மூன்று முறை படித்தும் கண்ணில் படாததற்குக் காரணம், அந்த வரி மேலே ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கிறது என்பதே.

இதை ஊகமாக விட வேண்டாம், மூன்று இடங்களில் உறுதி செய்யலாம். பிஇ3இல் "ஷோ பிஜிபி ஐபிவி4 எம்டிடி ஆல்" என்று கேட்டால் 10.0.0.2, 10.0.0.3 ஆகிய இரண்டு மட்டுமே வரும், 10.0.0.1 இருக்காது. அடுத்து, பிஇ3இன் குளோபல் எம்ரூட் (மல்டிகாஸ்ட் ரூட்) அட்டவணையில் 232.1.1.1க்கான பதிவுகளைப் பாருங்கள். (10.0.0.2, 232.1.1.1) என்ற பதிவில் உள்வரும் இன்டர்ஃபேஸ் பி2ஐ நோக்கியும், வெளிச்செல்லும் பட்டியலில் "எம்விஆர்எஃப் ரெட்" என்றும், கொடிகளில் இசட் என்ற எழுத்தும் இருக்கும். இசட் என்றால், வந்த பாக்கெட்டின் ஜிஆர்இ உறை இங்கே அவிழ்க்கப்பட்டு விஆர்எஃப்புக்குள் விடப்படும் என்று பொருள். (10.0.0.3, 232.1.1.1) என்பது பிஇ3 தானே அனுப்புவது, அதன் உள்வரும் இன்டர்ஃபேஸ் லூப்பேக்காக இருக்கும். (10.0.0.1, 232.1.1.1) என்ற பதிவு இருக்காது. மூன்று பிஇக்கள் இருந்தால் ஒவ்வொரு பிஇயிலும் இத்தகைய மூன்று பதிவுகள் இருந்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது சான்றை உண்மையான நெட்வொர்க்கில் எளிதாகப் பெற முடியாது, ஆய்வகத்தில் ஒரு நிமிட வேலை. பி2க்கும் பிஇ3க்கும் இடையேயான இணைப்பில் பாக்கெட் பிடிக்கும் கருவியான வயர்ஷார்க்கைத் திறந்து, புரோட்டோகால் 47ஐ (ஜிஆர்இ) மட்டும் வடிகட்டுங்கள். ஓடும் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை பிம் ஹலோவாகத்தான் (அண்டைகள் தம்மை அறிவிக்கும் செய்தி) இருக்கும்: வெளி ஹெடரில் 10.0.0.2இலிருந்து 232.1.1.1க்கு, அதை விரித்தால் ஜிஆர்இ, அதற்குள் மீண்டும் ஓர் ஐபி ஹெடர், 10.0.0.2இலிருந்து 224.0.0.13க்கு, அதற்குள் பிம். வாடிக்கையாளரின் விஆர்எஃப்புக்கான ஹலோ, சேவை வழங்குநரின் மல்டிகாஸ்ட்டுக்குள் உட்கார்ந்து பயணம் செய்வதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். வெளி ஹெடரில் 10.0.0.1 என்ற அனுப்புநர் அந்த இணைப்பில் ஒருமுறைகூட வராது. இந்த ஒரு காட்சி எனக்கு மல்டிகாஸ்ட் விபிஎன்னைப் புரிய வைத்த அளவுக்கு எந்தப் படமும் புரிய வைக்கவில்லை.

பிஇ2இல் எம்டிடி குடும்பத்துக்குள் இரண்டு அண்டைகளுக்கும் அந்த வரியைச் சேர்த்த பிறகு, பிஜிபி ரூட் வந்து சேர்ந்ததும் பிஇ3 பிஇ1இன் மரத்தில் சேரும். ஹலோ 30 நொடிக்கு ஒருமுறை போவதால் அரை நிமிடத்துக்குள் இரண்டாவது அண்டை தெரிய வேண்டும். அதன் பிறகு விஆர்எஃப்பின் எம்ரூட் அட்டவணையை ஒருமுறை துடைத்துவிட்டுச் சோதியுங்கள். ஜாயின் செய்தி 60 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 210 நொடி வரை செல்லுபடியாகும் என்பதால், பிழையான காலத்து நிலை சில நிமிடங்கள் அட்டவணையில் தங்கியிருந்து, சரியான திருத்தத்தையும் தவறென்று நினைக்க வைத்துவிடும்.

இதே அடையாளத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் முதன்மையானது ஆர்பிஎஃப், அதாவது அனுப்புநரை நோக்கிய பாதை எந்த இன்டர்ஃபேஸ், எந்த அண்டை வழியே என்று ரவுட்டர் பார்க்கும் சோதனை. பிஇ3இல் "ஷோ ஐபி ஆர்பிஎஃப் விஆர்எஃப் ரெட் 172.16.1.10" என்று கேட்டால், இன்டர்ஃபேஸாக டன்னலும் அண்டையாக 10.0.0.1உம் வர வேண்டும். இந்த 10.0.0.1 எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்: விபிஎன்வி4 ரூட்டின் நெக்ஸ்ட் ஹாப்பை (அடுத்து அனுப்ப வேண்டிய ரவுட்டரின் முகவரி) எடுத்து, அதே முகவரியில் டன்னலில் ஒரு பிம் அண்டை இருக்கிறதா என்று ரவுட்டர் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஆர்பிஎஃப் அண்டை 0.0.0.0 என்று காட்டும், ஜாயின் அங்கேயே நின்றுவிடும். ரூட் ரிஃப்ளெக்டரில் யாரோ நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் போட்டு, அது பிரதிபலித்த ரூட்டுகளின் நெக்ஸ்ட் ஹாப்பையும் மாற்றிவிட்டால், அல்லது விபிஎன்வி4 ஓர் லூப்பேக்கிலும் எம்டிடி மற்றொரு லூப்பேக்கிலும் அமைந்துவிட்டால், யூனிகாஸ்ட் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். மல்டிகாஸ்ட் மட்டும் இறந்துவிடும். விஆர்எஃப்புக்குள் எப்போதோ சோதனைக்காகப் போட்ட நிலையான எம்ரூட் வரி ஒன்று இருந்தால் அதையும் தேடி நீக்குங்கள். ஆர்பிஎஃப் முடிவில் அது யூனிகாஸ்ட் ரூட்டை முந்திக்கொள்ளும்.

அடுத்தது லூப்பேக்கில் பிம். பிஜிபி அமர்வுக்கு மூலமாக இருக்கும் லூப்பேக் இன்டர்ஃபேஸில் "ஐபி பிம் ஸ்பார்ஸ்-மோட்" இல்லையென்றால், அதே முகவரியில் தொங்கும் எம்டிடி டன்னல் சரியாக எழாது. லூப்பேக்குக்கு அண்டையே கிடையாதே, அதில் பிம் எதற்கு என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படி நினைத்துத்தான் தொடக்க காலத்தில் இரண்டு முழு மாலைகளை இதில் செலவிட்டேன். எம்டிடியின் கண்ணோட்டத்தில் அந்த லூப்பேக்தான் அனுப்புநர் உட்கார்ந்திருக்கும் இணைப்பு. அனுப்புநர் இருக்கும் இணைப்பில் பிம் இல்லாமல் மரம் எங்கிருந்து முளைக்கும் என்று யோசித்தால் அந்த வரி இனி மறக்காது. இதோடு சேர்த்து, குளோபலுக்கு ஒன்றும் விஆர்எஃப்புக்கு ஒன்றுமாக மல்டிகாஸ்ட்-ரவுட்டிங் வரிகள் இரண்டும் இருக்கின்றனவா, எல்லா பிஇக்களிலும் டிஃபால்ட் எம்டிடி எண் ஒன்றேதானா என்பதையும் ஒரே பார்வையில் முடித்துவிடலாம்.

வாடிக்கையாளரின் ஆர்பி முகவரி பிஇக்களின் விஆர்எஃப்பிலும் தெரிந்திருக்க வேண்டும். சிஇக்களில் கொடுத்துவிட்டு பிஇக்களில் விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. பிஇ என்பது வாடிக்கையாளரின் பிம் நெட்வொர்க்கில் முழு உறுப்பினர். ஆர்பி யாரென்று தெரியாத பிஇ, சிஇ3 அனுப்பும் (*, ஜி) ஜாயினை (அனுப்புநர் யாரானாலும் அந்தக் குழுவுக்கான ஜாயின்) எங்கே மேலே அனுப்பும்? மேலும், சிஇ1 ரெஜிஸ்டர் அனுப்பும்போது ஆர்பியை நோக்கிய இன்டர்ஃபேஸின் முகவரியையே மூலமாக வைக்கும். அந்த பிஇ-சிஇ இணைப்பின் முகவரி வரம்பு விபிஎன்னுக்குள் அறிவிக்கப்படவில்லை என்றால், ஆர்பியிடமிருந்து ரெஜிஸ்டர்-ஸ்டாப் திரும்பி வர வழியில்லை. லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்கு மட்டும் பிங் செய்து "யூனிகாஸ்ட் சரி" என்று முடிவெடுப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

சோதனைக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்டிகாஸ்ட் பிங்குக்கு வரும் பதில் யூனிகாஸ்ட்டாகத்தான் திரும்புகிறது. எனவே பதில் வரவில்லை என்பதால் மல்டிகாஸ்ட் போகவில்லை என்று ஆகாது. பெறுநரிடமிருந்து அனுப்புநருக்குத் திரும்பும் ரூட் இல்லாமலும் இருக்கலாம். ரவுட்டரிலிருந்தே மல்டிகாஸ்ட் பிங் அடித்தால், பிம் இயங்கும் பல இன்டர்ஃபேஸ்கள் வழியாகவும் அது போகும். ஒவ்வொரு மூல முகவரிக்கும் தனித்தனி (எஸ், ஜி) முளைத்து அட்டவணையைக் குழப்பும். மூல இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டே அனுப்புங்கள். பெறுநராக ரவுட்டரைப் பயன்படுத்தினால் ஐஜிஎம்பி (பெறுநர் குழுவில் சேரும் நெறிமுறை) ஜாயின்-க்ரூப் கொடுத்தால்தான் அது பதில் சொல்லும். ஸ்டாடிக்-க்ரூப் பாக்கெட்டை வெளியே அனுப்புமே தவிர, தான் பதிலளிக்காது.

பிங் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் வீடியோ ஓடை சில நொடிகள் ஓடி நின்றுவிடுகிறது என்று அடுத்து எழுதுவீர்களானால், உங்கள் கண் டேட்டா எம்டிடியின் (வேகமான ஓடைக்கென மட்டும் அமையும் தனி மரம்) மேல் போக வேண்டும். ஓடையின் வேகம் நீங்கள் கொடுத்த வரம்பைத் தாண்டியதும், பிஇ1 யுடிபி போர்ட் 3232இல் ஒரு அறிவிப்பை மற்ற பிஇக்களுக்கு அனுப்பி, மூன்று நொடி காத்திருந்து, அந்த ஓடையை மட்டும் புதிய குழுவுக்கு மாற்றும். டிஃபால்ட் எம்டிடி ஓர் எஸ்எஸ்எம் குழுவிலும், டேட்டா எம்டிடிக்கான வரம்பு 239இலும் இருந்து, கோரில் 239க்கு ஆர்பி எதுவும் அமைக்கப்படவில்லை என்றால், மாறிய அந்தக் கணத்தில் ஓடை அறுந்துவிடும். பிங் வரம்பைத் தாண்டாததால் அது தொடர்ந்து சரியாகவே இருக்கும். "சிறியது போகிறது, பெரியது சில நொடியில் நிற்கிறது" என்ற அடையாளத்துக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சிறியது போய், பெரியது ஒன்றுமே போகவில்லை என்றால் அது எம்டியு (இணைப்பு ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு). ஜிஆர்இயும் வெளி ஐபி ஹெடரும் சேர்ந்து 24 பைட். கோர் இணைப்புகளில் எம்டியு 1500 என்றால், வாடிக்கையாளரின் பாக்கெட் 1476 பைட் வரை துண்டாகாமல் போகும். யூனிகாஸ்ட்டில் இப்படி நேர்ந்தால் ஐசிஎம்பி பிழைச் செய்தி வந்து அனுப்புநரை எச்சரிக்கும். ஐபிவி4 மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போன பாக்கெட்டுக்கு ஐசிஎம்பி பிழை அனுப்பக் கூடாது என்பது விதி. எனவே துண்டாக்கக் கூடாது என்ற குறி வைத்த பெரிய பாக்கெட் ஓசையின்றி மறையும். 1476, 1477 என்று இரண்டு அளவுகளில் அந்தக் குறியோடு பிங் செய்து பாருங்கள். வழக்கமான எம்பெக் ஓடை 188 பைட் துண்டுகள் ஏழைச் சேர்த்து 1316 பைட்டாக வருவதால், யுடிபி, ஐபி, ஜிஆர்இ எல்லாம் ஏறினாலும் 1368தான். அது இதில் மாட்டாது.

ஆய்வகம் என்பதால் மட்டுமே வரும் கோளாறுகள் தனி வகை. ரவுட்டர்களின் உள்ளமைவில் அவற்றைத் தேடினால் ஒருபோதும் கிடைக்காது. லினக்ஸ் பிரிட்ஜ்களால் நீங்களே இணைத்த ஆய்வகமாக இருந்தால், அந்த பிரிட்ஜ் இயல்பாகவே ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (குழுவில் சேர்ந்தவர் இருக்கும் பக்கம் மட்டும் பாக்கெட்டை விடுவது) செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். 224.0.0.0/24 வரம்பை அது எப்போதும் எல்லாப் பக்கமும் விடும். ஆகவே ஓஎஸ்பிஎஃப் ஹலோ, பிம் ஹலோ எல்லாம் போகும், அண்டைகள் எழும், எல்லாம் நலம் என்று தோன்றும். 232இலும் 239இலும் உள்ள குழுக்களுக்கான பாக்கெட்டை மட்டும் அது தடுக்கக்கூடும். அதிலும் ஐஜிஎம்பி குவெரி (யார் குழுவில் இருக்கிறார்கள் என்ற வினா) அனுப்பும் ரவுட்டர் இருக்கும் பக்கத்தை மட்டும் ரவுட்டர் பக்கமாகக் கண்டுகொள்ளும் பழைய கெர்னல்களில், ஒரு திசையில் தரவு போய் மறு திசையில் போகாமல் இருப்பதையும் காணலாம். இணைப்பின் இரு முனையிலும் தனித்தனியே பாக்கெட்டைப் பிடித்து, ஒரு முனையில் புறப்பட்டது மறு முனையில் வரவில்லை என்று கண்டால், பிரிட்ஜின் "மல்டிகாஸ்ட்_ஸ்னூப்பிங்" மதிப்பைச் சுழியமாக்குங்கள். ஆய்வக மென்பொருளான ஜிஎன்எஸ்3இன் உள்ளமைந்த எளிய ஈதர்நெட் சுவிட்ச் ஸ்னூப்பிங் செய்வதில்லை. அதில் இந்தத் தொல்லை இல்லை.

பெறுநராக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை வைத்திருந்தால், அதற்கு நிர்வாகத்துக்கென ஒரு கார்டும் ஆய்வகத்துக்கென ஒரு கார்டும் இருக்கும், டிஃபால்ட் ரூட் நிர்வாகக் கார்டை நோக்கியிருக்கும். அப்போது இரண்டு தவறுகள் ஒருசேர நடக்கின்றன. குழுவில் சேரும் ஐஜிஎம்பி செய்தி நிர்வாகக் கார்டு வழியே போய்விடும். அதைச் சரிசெய்து பாக்கெட் ஆய்வகக் கார்டில் வந்தாலும், அனுப்புநருக்கான ரூட் வேறு கார்டைக் காட்டுவதால், ஆர்பி_ஃபில்டர் (லினக்ஸ் கெர்னலின் ஆர்பிஎஃப் போன்ற சோதனை) கடுமையான நிலையில் இருந்தால் கெர்னல் அதைத் தள்ளிவிடும். டிசிபிடம்ப்பில் பாக்கெட் வருவது தெரியும், நிரலுக்கோ எதுவும் கிடைக்காது. 172.16.0.0/16க்கும் 224.0.0.0/4க்கும் ஆய்வகக் கார்டு வழியே ரூட் கொடுத்துவிட்டால் இரண்டும் தீரும். அனுப்புநர் பக்கத்தில் டிடிஎல் பாருங்கள்: மல்டிகாஸ்ட் சாக்கெட்டின் இயல்பான டிடிஎல் 1, அதாவது முதல் ரவுட்டரோடு முடிந்துவிடும். ஐபெர்ஃப் 2இல் டிடிஎல்லைக் கூட்டிக் கொடுக்கலாம். ஐபெர்ஃப் 3இல் மல்டிகாஸ்ட் சோதனையே கிடையாது.

டைனமிப்ஸில் (ரவுட்டர்களைக் கணினிக்குள் ஓட்டும் நிரல்) ஓடும் ரவுட்டர்களுக்கு, சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டுகொள்ள உதவும் ஐடில்-பிசி மதிப்பு சரியாக அமையாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு முழு சிபியுவை விழுங்கும். ஹலோக்கள் தாமதமாகி, 105 நொடி கெடு தாண்டி, அண்டைகள் விழுந்து எழும். சில மெய்நிகர் ரவுட்டர்கள் உரிமம் இல்லாதபோது மிகக் குறைந்த வேகத்தையே அனுமதிக்கும். அவற்றில் வீடியோ சிதறுவதை மல்டிகாஸ்ட் பிழையாகக் கொள்ளாதீர்கள். ஜூனிபரின் எம்எக்ஸ் வகையில் டன்னல்-சர்வீசஸ் வரி இல்லையென்றால் ரெஜிஸ்டருக்கும் எம்டிடிக்கும் தேவையான இன்டர்ஃபேஸ்களே உருவாவதில்லை. கலப்பு ஆய்வகம் அமைப்பவர்கள் இதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

அடுத்து இதையே டிஎம்விபிஎன் (ஹப் என்ற மையத்தோடு ஸ்போக் என்ற கிளைகளை டன்னல்களால் இணைக்கும் விபிஎன்) மேல் ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே எம்டிடி இல்லை. ஜிஆர்இ டன்னலே பிம் ஓடும் இணைப்பு. குறியாக்கம் செய்யும் ஐபிசெக்கை கிரிப்டோ மேப்பாக மட்டும் போட்டால் மல்டிகாஸ்ட் போகாது, ஜிஆர்இயோ விடிஐயோ (ஐபிசெக்கின் டன்னல் இன்டர்ஃபேஸ்) வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹப்பில் என்ஹெச்ஆர்பி (டன்னல் முகவரிக்குரிய வெளி முகவரியைத் தரும் நெறிமுறை) மல்டிகாஸ்ட் மேப்பை டைனமிக் என்றும், ஸ்போக்குகளில் ஹப்பின் வெளி முகவரிக்கும் கொடுக்க வேண்டும். ஹப்பின் டன்னலில் பிம் என்பிஎம்ஏ-மோட் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்போக் அனுப்பும் ப்ரூன் செய்தி எல்லா ஸ்போக்குகளின் தரவையும் நிறுத்திவிடும். டிஆர் (இணைப்பில் மற்றவற்றின் சார்பாகச் செயல்படும் ரவுட்டர்) தேர்தலில் ஹப் வெல்லும்படி ஸ்போக்குகளின் முன்னுரிமையைச் சுழியமாக்குங்கள்.

அங்கேயும் உங்களைப் பிடிக்கப்போவது ஆர்பிஎஃப்தான். இரண்டாம் கட்ட டிஎம்விபிஎன்னில் ஒரு ஸ்போக்கின் ரூட் மற்ற ஸ்போக்கை நேரடி நெக்ஸ்ட் ஹாப்பாகக் காட்டும்; ஆனால் ஸ்போக்குகள் ஒன்றுக்கொன்று பிம் அண்டைகள் அல்ல, ஹப் மட்டுமே அண்டை. நெக்ஸ்ட் ஹாப் ஒன்று, பிம் அண்டை வேறொன்று; மேலே எம்டிடியில் பார்த்த அதே பொருத்தமின்மை இங்கே வேறு உடையில் வருகிறது. அனுப்புநர் ஒரு ஸ்போக்கிலும் பெறுநர் மற்றொரு ஸ்போக்கிலும் இருந்தால், பெறுநர் பக்கத்து ஸ்போக்கில் அனுப்புநரின் வரம்புக்கு ஹப்பின் டன்னல் முகவரியைக் காட்டும் நிலையான எம்ரூட் ஒன்று எழுதுங்கள். மல்டிகாஸ்ட் ஹப் வழியே சுற்றித்தான் வரும், யூனிகாஸ்ட் நேராகப் போகும். இரண்டின் பாதையும் வேறுபடுவதை அந்த இடத்தில் பிழையாக எண்ண வேண்டாம்.